இரவில் எழுப்ப ஓர் ஆள்



இன்றைய நற்செய்தியில் அந்திரேயாவும் இன்னொரு சீடரும் இயேசுவின் பின்னால் நடந்து போகிறார்கள். அவர் திரும்பிப் பார்த்து, என்ன தேடுகிறீர்கள் என்று கேட்கிறார். கேட்ட கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லவில்லை. நீங்கள் தங்கியிருக்கும் இடம் எது என்று எதிர்க்கேள்வி கேட்கிறார்கள். அவரும் முகவரி சொல்லி அனுப்பவில்லை, வந்து பார்க்கச் சொல்கிறார். அவர்கள் போனார்கள், பார்த்தார்கள், அன்று அவரோடேயே தங்கிவிட்டார்கள். அப்போது மாலை ஏறக்குறைய நான்கு மணி. எத்தனையோ வருடம் கழித்து இதை எழுதிய யோவானுக்கு அந்த மணி நேரம்கூட மறக்கவில்லை. ஆண்டவர் தம் சீடர்களுக்கு முதலில் பாடம் நடத்தவில்லை, தம்மோடு தங்க வைத்தார். மூன்று ஆண்டுகள் அவர்கள் ஒன்றாக நடந்தார்கள், ஒன்றாகச் சாப்பிட்டார்கள், ஒரே படகில் தூங்கினார்கள். கற்றதெல்லாம் அப்படிக் கற்றதுதான்.

பொங்கல் முடிந்து ஜனவரி பாதி ஆகிவிட்டால், திருப்பலி முடிந்ததும் வாசலில் என்னிடம் சிலர் ஒதுங்கி நின்று கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஃபாதர், பிள்ளையை போர்டிங்ல சேர்க்கலாம்னு இருக்கோம். நல்லதா?" அடையாற்றில் கணவனும் மனைவியுமாக இரண்டு கம்பெனிகளில் இரவு எட்டு மணிவரை வேலை பார்ப்பவர்களும் கேட்கிறார்கள். நொச்சிக்குப்பத்திலிருந்து வருகிற, கணவனைக் கடலில் பறிகொடுத்த அம்மாவும் கேட்கிறார். கேள்வி ஒன்றுதான் என்றாலும் பின்னால் இருக்கும் காரணங்கள் வேறு. வாசலில் நின்றுகொண்டு இரண்டு வார்த்தையில் இதற்குப் பதில் சொல்ல முடியாது. இன்றைய மூன்று வாசகங்களும் இந்தக் கேள்விக்கென்றே வைத்ததுபோல் அமைந்திருப்பதால், இன்று இதையே பேசுகிறேன்.

விவிலியத்தில் விடுதிப் பிள்ளை என்று ஒருவனைச் சொல்லவேண்டுமானால், முதல் வாசகத்தில் வந்த சாமுவேலைத்தான் சொல்ல வேண்டும். பிள்ளை இல்லாமல் அழுது, சீலோவில் மன்றாடிப் பெற்ற மகனை, பால் மறந்ததும் அன்னா அதே சீலோவுக்குக் கொண்டுவந்து குரு ஏலியின் கையில் ஒப்படைத்துவிட்டுப் போகிறாள். அந்தச் சின்னப் பையன் அங்கேயே சாப்பிட்டான், அங்கேயே வேலை செய்தான், அங்கேயே தூங்கினான். காலையில் ஆண்டவருடைய இல்லத்தின் கதவுகளைத் திறப்பது அவன் வேலை.

இன்று வாசித்ததை மறுபடி நினைத்துப் பாருங்கள். நடு இரவு. பையனை யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அவன் என்ன செய்கிறான்? எழுந்து ஏலியிடம் ஓடுகிறான். நான் கூப்பிடவில்லை, போய்ப் படு என்கிறார் கிழவர். மறுபடி குரல், மறுபடி ஓடுகிறான். மூன்றாவது முறையும் ஓடுகிறான். நாம் எப்போதும் இந்தப் பகுதியை இறைஅழைத்தலுக்கு உதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அது சரிதான். ஆனால் ஒரு பெற்றோராக இதை வாசித்தால் கண்ணில் படுவது வேறு. தூக்கத்தில் பயந்த ஒரு பிள்ளைக்கு ஓடிப்போய் எழுப்ப ஓர் ஆள் இருந்தார். முதல் தடவை எழுப்பியதற்கு அந்த ஆள் எரிந்து விழுந்திருந்தால் இரண்டாம் தடவை பையன் போயிருக்க மாட்டான். கண் பார்வை மங்கிய, உடம்பு கனத்த அந்தக் கிழவர் மூன்று முறையும் எழுந்து பதில் சொன்னார். மூன்றாவது முறை, பையனைக் கூப்பிடுவது ஆண்டவர் என்று அவருக்குப் புரிந்தது. அப்படிப் புரிந்துகொண்டு வழி சொல்ல ஒருவர் பக்கத்தில் இருந்ததால்தான் சாமுவேல் இறைவாக்கினர் ஆனான்.

கிறிஸ்தவ விடுதிப் பள்ளியின் நன்மை என்ன என்று கேட்டால், நான் சொல்ல நினைப்பது இதுதான். நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குப் படிப்பு, நல்ல ஆங்கிலம், விளையாட்டு எல்லாம் பிறகு. இரவில் பிள்ளை ஓடிப்போய் எழுப்ப அங்கே ஓர் ஆள் உண்டா? உண்டென்றால் அது நல்ல விடுதி. இல்லையென்றால் எத்தனை ஏக்கர் மைதானம் இருந்தாலும் எனக்கு அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஜனவரி 31ஆம் தேதி புனித தொன் போஸ்கோவின் திருவிழா. உலகம் முழுக்க எத்தனையோ விடுதிகளை நடத்தும், அவர் நிறுவிய சலேசிய சபையின் விடுதிப் பணி எப்படித் தொடங்கியது தெரியுமா? 1847ஆம் ஆண்டு மே மாதம், இத்தாலியின் தூரின் நகரத்தில், மழை கொட்டிய ஓர் இரவு. பதினைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பையன் தொப்பலாக நனைந்து வந்து கதவைத் தட்டினான். தகப்பன் தாய் இல்லை. கொத்தனார் வேலை தேடி ஊரை விட்டு வந்தவன். கையில் இருந்த மூன்று லீராவும் செலவாகிவிட்டது. தொன் போஸ்கோவின் தாய் மார்கரித்தா அவனை அடுப்பங்கரையில் உட்காரவைத்து, சூடாகச் சூப்பும் ரொட்டியும் கொடுத்தார்.

அதற்கு முன்னால் நடந்தது ஒன்று உண்டு. தெருவில் கிடந்த பையன்கள் சிலரை தொன் போஸ்கோ வைக்கோல் பரணில் படுக்க வைத்திருந்தார். விடிந்து பார்த்தால் பையன்களையும் காணோம், போர்வைகளையும் காணோம்! அதனால் இந்தப் பையனைத் தங்க வைக்கத் தாயும் மகனும் யோசித்தார்கள். திருடிக்கொண்டு போய்விட்டால்? மார்கரித்தா அம்மா கடைசியில் என்ன செய்தார் என்றால், உடைந்த செங்கற்களை அடுக்கி, மேலே பலகை போட்டு, அடுப்பங்கரையிலேயே அவனுக்குக் கட்டில் தயார் செய்தார். பக்கத்தில் நின்று உழைப்பைப் பற்றியும் நேர்மையைப் பற்றியும் கடவுளைப் பற்றியும் நாலு வார்த்தை சொன்னார். ஜெபம் சொல்லிக்கொடுத்தார். பிறகு, பாத்திரங்கள் பத்திரமாக இருக்கட்டும் என்று அடுப்பங்கரைக் கதவையும் பூட்டினார்! புனிதரின் தாய் என்றாலும் குடும்பம் நடத்திய அம்மா அல்லவா.

அன்று அவர் சொன்ன அந்த நாலு வார்த்தைதான் இன்றும் சலேசிய விடுதிகளில் படுக்கப் போகுமுன் பொறுப்பாளர் பிள்ளைகளிடம் பேசும் சிற்றுரையாக நிலைத்திருக்கிறது. போர்டிங்கில் படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், "குட் நைட்" என்பார்கள். பகல் முழுவதும் கண்டித்தாலும், கடைசியாகப் பிள்ளை காதில் விழுவது அன்பான ஒரு சொல்லாக இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. 1884இல் உரோமையிலிருந்து தம் இல்லத்துக்கு எழுதிய கடிதத்தில், பிள்ளைகளை நேசித்தால் மட்டும் போதாது, தாங்கள் நேசிக்கப்படுவது பிள்ளைகளுக்குத் தெரியவும் வேண்டும் என்று தொன் போஸ்கோ வருந்தி எழுதினார். அவருடைய சொந்த இல்லத்திலேயே, பொறுப்பாளர்கள் விளையாட்டுத் திடலை விட்டு விலகி, மேற்பார்வை பார்க்கும் அதிகாரிகளாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. நாற்பது ஆண்டு அனுபவத்துக்குப் பிறகும் அந்தப் புனிதருக்கு இந்தக் கவலை இருந்தது என்றால், இன்று விடுதி நடத்தும் நமக்கு எவ்வளவு இருக்க வேண்டும்!

இது எங்கோ இத்தாலியில் நடந்தது என்று நினைக்காதீர்கள். சலேசியர்களை இந்தியாவுக்கு அழைத்தவர் மயிலாப்பூர் ஆயர். 1906இல் அவர்கள் தஞ்சாவூருக்கு வந்து ஆதரவற்ற பிள்ளைகளின் இல்லத்தைப் பொறுப்பேற்றார்கள். 1909இல் இதே மயிலாப்பூருக்கும் வந்தார்கள். 1952இல் சென்னை-மயிலை உயர் மறைமாவட்டம் உருவானபோது அதன் முதல் பேராயராக இருந்த லூயிஸ் மத்தியாஸ் ஆண்டகையும் சலேசியர்தான்.

ஆனாலும் ஒரு நல்ல விடுதி எப்படி இருக்கும் என்று நம் மண்ணிலிருந்து உதாரணம் காட்டச் சொன்னால், நான் ஒரு கிறிஸ்தவப் பையனைக் காட்ட மாட்டேன். இராமேஸ்வரம் பள்ளிவாசல் தெருவில் பிறந்த அப்துல் கலாமைக் காட்டுவேன். ஊரில் ஆரம்பப் படிப்பு முடிந்ததும் அவர் இராமநாதபுரம் ஷுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளிக்குப் போனார். தஞ்சையிலும் திருச்சியிலும் உழைத்த லுத்தரன் மறைப்பணியாளர் ஷுவார்ட்ஸின் பெயரில் உள்ள பள்ளி அது. வீட்டு நினைவும் அம்மா கைச் சாப்பாட்டு நினைவும் அவரை வாட்டின. அங்கே அவரைத் தாங்கிப் பிடித்தவர் அய்யாதுரை சாலமன் என்ற ஆசிரியர். 1950இல் கலாம் திருச்சி தூய வளனார் கல்லூரியில் சேர்ந்தார். இயேசு சபையார் 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883இல் திருச்சிக்கு மாற்றிய கல்லூரி. அங்கே நான்கு ஆண்டுகள் விடுதி வாழ்க்கை.

விடுதியில் அவர் தங்கிய அறையில் மூன்று பேர். ஒருவர் இராமேஸ்வரத்து இஸ்லாமியர், ஒருவர் ஸ்ரீரங்கத்து ஆசார ஐயங்கார், ஒருவர் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர். இந்த மூவரும் வெளியே இருந்திருந்தால் ஒரு வீட்டில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்களா, சொல்லுங்கள். மூன்றாம் ஆண்டில் கலாம் சைவ உணவுக்கூடத்தின் செயலாளர் ஆனார். அதாவது, இயேசு சபை விடுதியில் சைவச் சாப்பாட்டுக்கு ஒரு முஸ்லிம் மாணவர் பொறுப்பு!

அந்த விடுதியின் வார்டன் அருள்தந்தை செக்வேரா. ஆங்கிலமும் அவர்தான் கற்பித்தார். மூன்று மாடிக் கட்டடத்தில் ஏறக்குறைய நூறு மாணவர்கள். ஒவ்வோர் இரவும் கையில் விவிலியத்தோடு ஒவ்வொரு பையனையும் போய்ப் பார்த்துவிட்டு வருவாராம். கலாம் இதை 'அக்னிச் சிறகுகள்' நூலில் நன்றியோடு நினைத்துக்கொள்கிறார். ஒரு நாள் இரண்டு நாள் என்றால் யாரும் செய்வார்கள். பகலில் வகுப்பெடுத்துக் களைத்த மனிதர் இரவுதோறும் மூன்று மாடி ஏறி இறங்குவதை யோசித்துப் பாருங்கள். இன்னொரு செய்தியும் சொல்கிறார். தீபாவளியன்று விடுதிப் பொறுப்பாளரான அருள்சகோதரரும் மெஸ்ஸில் தொண்டு செய்யும் மாணவர்களும் அறை அறையாகப் போய், எண்ணெய்க் குளியலுக்கு நல்லெண்ணெய் கொடுப்பார்களாம். அது தந்தை செக்வேராவின் உத்தரவு.

தீபாவளிக்கு வீட்டுக்குப் போக முடியாத ஓர் இந்துப் பையனுக்குத் தலையில் எண்ணெய் வைக்க அம்மா இல்லை. அந்தக் குறையை ஒரு கத்தோலிக்கக் குரு நினைத்துப் பார்த்தார். நம் விடுதிகளைப் பற்றி வெளியே எழும் சந்தேகம் உங்களுக்குத் தெரியும்: சோறு போட்டு மதம் மாற்றுகிறார்கள் என்பது. கலாம் இரண்டு கிறிஸ்தவ விடுதிகளில் வளர்ந்தார். இஸ்லாமியராகவே வளர்ந்தார், இஸ்லாமியராகவே வாழ்ந்தார், இஸ்லாமியராகவே இராமேஸ்வரத்து மண்ணில் அடக்கமானார். கையில் விவிலியத்தோடு வந்த மனிதர் அவருக்கு ஆண்டவருடைய அன்பைக் காட்டினார், அதற்கு மேல் எதையும் அவரிடம் கேட்கவில்லை. சாட்சியம் என்று நாம் சொல்வது இதைத்தான்.

சரி, சாந்தோமில் உட்கார்ந்துகொண்டு திருச்சியைப் பற்றிப் பேசிப் பயன் என்ன? நம் பிள்ளைகளுக்கு வருவோம்.

நொச்சிக்குப்பத்திலும் சீனிவாசபுரத்திலும் வீடு சந்திக்கப் போகும்போது பார்க்கிறேன். ஒரே அறை. அதில் ஆறு பேர். டிவி ஓடுகிறது, பக்கத்து வீட்டில் சண்டை நடக்கிறது, விடியற்காலை நாலு மணிக்கு மீன் ஏலத்துக்குப் போக அம்மா எழுந்துவிடுகிறார். பத்தாம் வகுப்புப் பெண் எங்கே உட்கார்ந்து படிப்பாள்? மாடிப்படியில். அங்கேயும் போகிற வருகிற ஆண்களின் பார்வை. இந்தப் பெண்ணுக்கு அருள்சகோதரிகள் நடத்தும் ஒரு விடுதியில் இரண்டு மணி நேரம் அமைதியான ஸ்டடியும், பயமில்லாத தூக்கமும் கிடைப்பதே பெரிய வரம். எட்டாவதோடு நிறுத்தப்பட்டிருக்க வேண்டிய எத்தனையோ பெண்கள் டீச்சராகவும் நர்சாகவும் ஆனது இப்படிக் கன்னியர் மடத்து விடுதிகளில் தங்கிப் படித்ததால்தான். அவர்களில் சிலர் இந்தக் கோயிலிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அடையாறு, தி.நகர் பக்கத்துப் பிள்ளையின் பசி வேறு மாதிரி. அவனுக்குத் தனி அறை இருக்கிறது, ஏசி இருக்கிறது, கையில் போன் இருக்கிறது. பேச ஆள் இல்லை. பள்ளி விட்டு வந்தால் வேலைக்கார அம்மா கதவைத் திறக்கிறார், அவ்வளவுதான். ஸ்விக்கியில் என்ன வேண்டுமோ வரும். காத்திருக்கவோ பகிர்ந்துகொள்ளவோ அவனுக்கு அவசியமே வந்ததில்லை. அவனை ஏற்காட்டுக்கோ கொடைக்கானலுக்கோ அனுப்புகிறீர்கள். அங்கே குளிக்க வரிசை, தட்டு கழுவ வரிசை. இன்று உப்புமா என்றால் எல்லோருக்கும் உப்புமாதான். பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவனை அவன் தேர்ந்தெடுக்கவில்லை. அவன் குறட்டை விடுவான், அழுவான், சோப்பை எடுத்துக்கொண்டு திருப்பித் தர மாட்டான். அவனோடு சண்டை போட்டு, பேசாமல் இருந்து, மறுபடி பேசி, ஒரு வருடம் ஓட்டியாக வேண்டும். திருமணத்துக்குத் தயாரிப்பு வகுப்பு நடத்துகிறோமே, அதில் நாங்கள் மூன்று நாளில் சொல்லிக்கொடுக்கப் பார்ப்பது இதைத்தான்.

பெரிய பிள்ளை சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதும் விடுதியில் இயல்பாக நடக்கும். இதற்கு நம் சென்னையில் ஒரு பழைய வரலாறு உண்டு. 1789இல் எழும்பூரில் இருந்த இராணுவ அனாதைச் சிறுவர் இல்லத்துக்கு ஆண்ட்ரூ பெல் என்ற ஆங்கிலிக்கன் குரு பொறுப்பேற்றார். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு இங்கே பிறந்த, இரண்டு பக்கமும் முழுதாக ஏற்கப்படாத பிள்ளைகள் அவர்கள். ஒரு திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பெல் பார்த்தார். அதைத் தம் இல்லத்தில் கொண்டுவந்தார். வாத்தியார்கள் ஒத்துழைக்காதபோது, பெரிய பையன்களையே சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். சட்டாம்பிள்ளை முறை நமக்கு ஒன்றும் புதிதில்லை. 1797இல் அவர் இலண்டனில் அதைப் புத்தகமாகப் போட, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் பரவியது. ஸ்காட்லாந்தில் அவர் பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றே பெயர். எழும்பூர் அனாதைப் பிள்ளைகள் உலகத்துக்குப் பாடம் எடுத்திருக்கிறார்கள்.

சாதியைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. ஒரே பந்தியில் சாப்பிட்டு, ஒரே அறையில் தூங்கிய பிள்ளைகளுக்குச் சாதி தானாக உதிர்ந்துவிடும் என்று நாம் பெருமையாகப் பேசுவோம். பல இடங்களில் உண்மையும் அதுதான். ஆனால் நம் சபையின் வரலாறு அவ்வளவு சுத்தமானதில்லை. நெல்லைச் சீமையில் வடக்கன்குளத்துக் கோயில் 1872இல் இரண்டு சாதிக்கு இரண்டு கிளையாக, கால்சட்டை வடிவத்தில் கட்டப்பட்டது. திவ்விய நற்கருணையின் முன்பே சுவர் வைத்தவர்கள் நாம். அதனால் ஒரு விடுதிக்குப் போனால், தட்டும் தம்ளரும் எல்லாருக்கும் ஒன்றா, யார் கக்கூஸ் கழுவுகிறார்கள், முறை வைத்து எல்லாப் பிள்ளைகளும் கழுவுகிறார்களா என்று பாருங்கள். கோயில் பீடத்தைவிட அங்கேதான் அது கிறிஸ்தவ விடுதியா என்பது தெரியும்.

நாம் மட்டும்தான் இதையெல்லாம் செய்தோம் என்றும் நினைக்க வேண்டாம். நமக்கு அடுத்த தெருக்களில், மயிலாப்பூரிலேயே, இராமகிருஷ்ணா மிஷன் மாணவர் இல்லம் 1905 முதல் ஏழைப் பையன்களைத் தங்க வைத்துப் படிக்க வைக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930இல் தொடங்கிய அவ்வை இல்லம் அடையாற்றில் இன்றும் இருக்கிறது. நல்லது எங்கே நடந்தாலும் அது ஆண்டவருடைய வேலை.

இப்போது கொஞ்சம் கசப்பான பகுதி. இன்று நாம் வாசித்தது சாமுவேல் முதல் நூல் மூன்றாம் அதிகாரம். பத்தாம் வசனத்தோடு நிறுத்திவிட்டு, பத்தொன்பதாம் வசனத்துக்குத் தாவிவிட்டோம். நடுவில் எட்டு வசனங்களை வழிபாட்டு நூல் விட்டுவிட்டது. வீட்டுக்குப் போனதும் விவிலியத்தை எடுத்து அவற்றை வாசியுங்கள். அந்த இரவில் ஆண்டவர் சிறுவனிடம் சொன்ன முதல் செய்தியே ஏலியின் வீட்டின்மேல் தீர்ப்பு. ஏலியின் இரண்டு மகன்கள் குருக்கள். காணிக்கை இறைச்சியைத் தங்களுக்கென்று பிடுங்கித் தின்றார்கள், பணிசெய்ய வந்த பெண்களிடம் தவறாக நடந்தார்கள். ஏலிக்குத் தெரியும். வாயால் கண்டித்தார், அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. பிள்ளைகளைப் பொறுத்தவரை அவ்வளவு பொறுமையான மனிதர், தன் வீட்டு ஆட்களின் குற்றத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டார்.

விடிந்ததும் சாமுவேல் அதைச் சொல்லப் பயந்தான். எந்தப் பிள்ளைதான் பயப்படாது? தனக்குச் சோறு போடுகிறவரின் குடும்பத்தைப் பற்றி அவரிடமே எப்படிச் சொல்வது? ஆனால் ஏலி ஒரு நல்ல காரியம் செய்தார். மறைக்காமல் எல்லாவற்றையும் சொல் என்று பையனை வற்புறுத்தினார். சொன்னதைக் கேட்டு, அவனை அடிக்கவில்லை, வாயை மூடச் சொல்லவில்லை, உண்மை என்று ஏற்றுக்கொண்டார்.

நம் விடுதிகளிலும் தவறுகள் நடந்திருக்கின்றன. பிள்ளைகள் அடிக்கப்பட்டிருக்கிறார்கள். அதைவிடக் கொடியதும் நடந்திருக்கிறது. சபைக்குக் கெட்ட பெயர் வருமே என்று மூடி மறைத்தவர்கள் ஏலியின் முதல் பாதியை மட்டும் கற்றவர்கள். இரண்டாம் வாசகத்தில் பவுல் நம் உடலைத் தூய ஆவியின் கோயில் என்கிறார். பிள்ளையின் உடல் நம் கோயிலைவிடப் பெரிய கோயில். 2012இல் வந்த போக்சோ சட்டப்படி, ஒரு பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம். குருவானாலும் கன்னியரானாலும் விலக்கில்லை. 2014ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி, பெண்களையும் பிள்ளைகளையும் தங்க வைக்கும் விடுதிகளும் இல்லங்களும் பதிவு செய்து உரிமம் பெற வேண்டும். உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது அவமரியாதை இல்லை, பெற்றோரின் கடமை. 1098 என்ற எண்ணை உங்கள் பிள்ளைக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்து அனுப்புங்கள்.

பெற்றோரே, உங்களிடமும் ஒரு வார்த்தை. அன்னா தன் மகனைச் சீலோவில் விட்டுவிட்டு வந்து மறந்துவிடவில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஒரு சின்ன மேலங்கி தைத்து எடுத்துக்கொண்டு போனாள் என்று இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. வருடா வருடம் பையன் வளர்கிறான், அங்கி சின்னதாகிவிடுகிறது. அளவு தெரிந்தால்தானே புதிதாகத் தைக்க முடியும்? போன வருடம் நின்ற உயரத்தைக் கண்ணில் வைத்திருந்து, இவ்வளவு வளர்ந்திருப்பான் என்று யோசித்துத் தைத்திருக்கிறாள். பிறகு அவளுக்கு மூன்று மகன்களும் இரண்டு மகள்களும் பிறந்தார்கள். அத்தனை வேலையிலும் சாமுவேலின் அங்கி தவறவில்லை.

ஜூன் மாதம் ரங்கநாதன் தெருவில் பெட்டி, பக்கெட், படுக்கை விரிப்பு, பன்னிரண்டு ஜோடி சாக்ஸ் என்று பட்டியல் போட்டு வாங்கிக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். விசிட்டிங் ஞாயிறு அன்று வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். எல்லோருடைய அப்பா அம்மாவும் வந்து, பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். வராதவர்களின் பிள்ளைகளை வார்டன் அன்று தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார். எவ்வளவு நல்ல வார்டனானாலும் அன்று அந்தப் பிள்ளைக்கு அவர் போதாது.

இன்னொன்று. "சொல் பேச்சுக் கேக்கலைன்னா போர்டிங்ல போட்டுடுவேன்" என்று பிள்ளையை மிரட்டாதீர்கள். நாளைக்கு உண்மையிலேயே சேர்க்கும்போது, தண்டனைக்காக அனுப்பப்பட்டதாகத்தான் அது நினைக்கும். கணவன் மனைவி சண்டையிலிருந்து பிள்ளையை ஒதுக்கி வைக்க விடுதியைத் தேடாதீர்கள். அந்தச் சண்டையைப் பிள்ளை பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போகும். மிகச் சிறிய பிள்ளைகளையும் அனுப்பாதீர்கள். அன்னா பால் மறந்ததும் கொண்டுபோய் விட்டாளே என்பீர்கள். அவள் நேர்ந்துகொண்டதைச் செலுத்தினாள். அது அவளுக்கும் கடவுளுக்கும் இடையில். உங்கள் பிள்ளை தானாகக் குளித்து, தலை வாரி, தன் வலியைத் தன் வாயால் தெளிவாகச் சொல்லத் தெரியும்வரை வீட்டிலேயே இருக்கட்டும். ஆறாம் வகுப்புக்கு முன் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பிள்ளைகளையும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

விண்ணப்பப் படிவம் வாங்குமுன் நேரில் போங்கள். பகலில் போனால் முதல்வர் அறையையும் கோப்பைகளையும் காட்டுவார்கள். மாலை ஆறு மணிக்குமேல் போங்கள். படுக்கை அறைக்குப் பக்கத்தில் யார் தூங்குகிறார், காய்ச்சல் வந்தால் இரவில் யாரை எழுப்ப வேண்டும் என்று கேளுங்கள். பொறுப்பாளரிடம் கேட்டது போதாது, அங்கே படிக்கும் ஒரு பிள்ளையிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள். இருவரும் ஒரே பெயரைச் சொன்னால் நம்பிச் சேர்த்துவிடுங்கள்.

போர்டிங்கில் வளர்ந்து, இன்று நல்ல நிலையில் இருக்கும் பலர் நம் பங்கில் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்தக் கல்வியாண்டு முடியுமுன் ஒரு நாள் உங்கள் பழைய விடுதிக்குப் போய்வாருங்கள். உங்களைப் பார்த்துக்கொண்ட பிரதரோ சிஸ்டரோ உயிரோடு இருந்தால் பார்த்துப் பேசுங்கள். திரும்பி வருமுன் வார்டனிடம், அடுத்த வருடக் கட்டணம் கட்ட முடியாமல் நிற்கப்போகும் பிள்ளை யார் என்று கேட்டு, அந்தப் பிள்ளையின் ஓராண்டுச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் பெயரைச் சொல்ல வேண்டாம். அப்படி விடுதி எதுவும் தெரியாதவர்கள் திருப்பலிக்குப் பின் என்னிடம் வாருங்கள், நம் குப்பத்திலேயே நான்கு வீடுகள் காட்டுகிறேன்.